இடப்பக்கம் இழுக்கும் கன்ட்ரோலர்

என் வீட்டில் நடந்த அநியாயத்துக்கு முழுக் காரணம் நீதான்.

உன் பெயர் எனக்குத் தெரியாது. ஊர் தெரியாது. ஆணா பெண்ணா, முதலாளியா, மாதச் சம்பளத்துக்கு மூளையை வாடகைக்கு விட்டவனா, அதுவும் தெரியாது. கம்பி இல்லாத வீடியோ கேம் கன்ட்ரோலரைச் செய்து, பளபளப்பான டப்பாவில் படுக்க வைத்து, டப்பாவின் முதுகில் 'பதினெட்டு வசதிகள்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தாயே, அந்த நீ. எனக்கு அவ்வளவு அடையாளம் போதும்.

முப்பது அடி தூரத்திலிருந்தும் வேலை செய்யுமாம். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் நாள் முழுக்க நிற்குமாம். வேர்த்த கையிலும் வழுக்காதாம். திரையில் மோதினால் கையில் அதிருமாம். இருட்டில் மினுக்குமாம். இருக்கட்டும். ஒரு குடும்பஸ்தன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளப் போகிற நேரத்தில், "வேணாண்டா, கைய எடு" என்று தடுக்க ஒரு வசதி, பத்தொன்பதாவதாக ஒரே ஒரு வசதி, வைத்தாயா? வைக்கவில்லை. அதற்குத்தான் இந்தக் கோபம்.

நடந்ததைச் சொல்கிறேன். படிக்கிற மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டிலும் நடக்கும்.

நான் கோவளம் தனக்கோடி. கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கி எட்டாம் வகுப்பில் ஓடியவன். ஓடிய ஓட்டம் கடற்கரை ஐஸ் கொட்டகையில் போய் நின்றது. ஐஸ் சுமந்தேன். கூடை சுமந்தேன். என்னை ஏமாற்றாத ஆள் இந்தக் கடற்கரையில் இல்லை. ஏமாற்றிய ஒவ்வொருவனும் எனக்கு வாத்தியார். அப்படிப் படித்துத்தான் இன்றைக்கு விடியற்கால ஏலத்தில் மீன் எடுத்து, இங்கிருந்து மாமல்லபுரம் வரைக்கும் இருக்கிற ஈசிஆர் சாலை ஓட்டல்களுக்குப் போடுகிற அளவுக்கு வந்திருக்கிறேன். எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு நான் வாங்கியது கிடையாது. என் கல்யாணப் பத்திரிகை அச்சடித்தபோது, மாமனார் பெயருக்கு முன்னால் மூன்று இனிஷியல் எதற்கு என்று கேட்டு, இரண்டைத் தூக்கிவிட்டு, அதற்குக் காசு கழித்தவன் நான்.

ஏலத்துக்குப் போகும்போது தோளில் ஒரு சிவப்புத் துண்டு போடுவேன். உங்களுக்கு அது துண்டு. எனக்கு அது பட்டம். அந்தச் சிவப்பு கூட்டத்துக்குள் நுழைந்ததும் ஏலம் கூறுகிறவர் தொண்டையைச் செருமிக்கொள்வார். அது என் தோளில் இருக்கும் வரைக்கும் நான் வியாபாரி. இறக்கிவிட்டால் பழைய ஐஸ் கொட்டகைப் பையன்.

அந்தத் துண்டைத்தான் பறிக்கப் பார்த்தாள் என் மனைவி யோகேஸ்வரி.

காரணம், ஒரு கூடை காரப்பொடி. காரப்பொடி என்றால் விரல் நீளத்தில், வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு, உடம்பு முழுக்க முள்ளாக இருக்குமே, அந்த மீன். வீட்டுக் குழம்புக்கு அமிர்தம். ஆனால் ஓட்டலில் ஒருவனும் தொடமாட்டான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு அந்தக் கூடைக்குப் பக்கத்தில் ஜெரோம் நின்றிருந்தான்.

ஜெரோம் எங்களுக்குப் பக்கத்து வீடு. அவனும் என்னைப் போல் மீன் எடுத்து ஓட்டலுக்குப் போடுகிறவன். நல்ல மனுஷன், ஏலத்தில் மட்டும் எனக்கு எதிரி. அவன் அந்தக் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டு நின்றான். யாராவது கிட்டே வந்தால் காலைக் குறுக்கே வைத்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு அணைக்கிறான் என்றால் அடியில் ஏதோ இருக்கிறது. கேட்டேன். அவன் விலையை ஏற்றினான். நான் ஏற்றினேன். அவன் பெருமூச்சு விட்டு ஒதுங்கினான். வஞ்சிரம் விலைக்குக் காரப்பொடியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடியிலும் காரப்பொடிதான் இருந்தது.

யோகேஸ்வரி கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது?"

"மீனு."

"எந்த ஓட்டல்ல கேட்டாங்க?"

"கேப்பாங்க."

"யாரு, ஓட்டல் பூனையா?"

அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் எந்தப் பூனையும் பசியோடு தூங்கவில்லை.

ஓட்டல்காரர்களிடம் போனில் பேசுவது, மீனைக் கழுவுவது, ஐஸ் போட்டு அடுக்குவது, இதெல்லாம் யோகேஸ்வரியின் வேலை. எடுப்பது மட்டும் என் வேலை. காரப்பொடி வந்த அன்று மத்தியானம், கை கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"துண்ட எங்கிட்ட குடு. நாளையிலேர்ந்து ஏலத்துக்கு நான் போறேன். நீ வூட்ல குந்திக்கினு போன எடு."

எங்கள் துறையில் பெண்கள் ஏலம் எடுப்பது புதிதில்லை. பாதிக் கூட்டம் அவர்கள்தான். என் பெண்டாட்டி எடுப்பதுதான் எனக்குப் புதிது. நான் கத்தினேன். சோற்றுத் தட்டைத் தள்ளினேன். என் உடம்பில் உயிர் இருக்கும் வரைக்கும் என்று ஆரம்பித்து, வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியாமல் வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது தள்ளிய தட்டைக் காணோம். கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

இங்கேதான் உன் சாமான் கதைக்குள் வருகிறது. கவனமாகக் கேள்.

எங்கள் மகள் ஷீலா படிப்புக்காகக் கோயம்புத்தூர் போகும்போது, தன் வீடியோ கேம் பெட்டியை எங்கள் டிவிக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போனாள். ஒருநாள் தூசி தட்டப் போன யோகேஸ்வரி, எதையோ அழுத்தப் போக, படகு ரேஸ் ஒன்று ஓட ஆரம்பித்தது. அன்றிலிருந்து மத்தியானம் ஓட்டல் போன் அடங்கியதும் அவள் கடலுக்குப் போய்விடுவாள். டிவிக் கடல். சாயங்காலம் நானும் சேர்ந்துகொள்வேன். எங்கள் இரண்டு பேருக்கும் சமமான திறமைதான். ஒருநாள் அவள் ஜெயிப்பாள். மறுநாளும் அவள் ஜெயிப்பாள், ஆனால் கொஞ்ச தூரத்தில்தான் ஜெயிப்பாள்.

மூன்று நாள் சண்டைக்குப் பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் வைக்கலாம். நான் ஜெயித்தால் ஏலப் பேச்சையே இனி எடுக்கமாட்டாள். அவள் ஜெயித்தால் ஒரு வாரத்துக்குத் துண்டு அவளிடம். ஒரு வாரம்தானே என்று ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்ட பிறகுதான் தினமும் அவளே ஜெயிப்பது ஞாபகம் வந்தது. ஜெயிக்க வேண்டும். நியாயமாக ஜெயிப்பது நடக்காத காரியம். வேறு வழி பார்க்க வேண்டும்.

ஷீலாவின் பழைய கன்ட்ரோலர்கள் இரண்டும் யோகேஸ்வரி அமுக்கிய அமுக்கில் செத்துப்போயிருந்தன. "போய் ரெண்டு வாங்கிக்கினு வா" என்றாள். கேளம்பாக்கத்துக்குப் போனேன்.

கடைக்காரர் பெயர் சுப்புராமன். பொறுமைசாலி. அந்தப் பொறுமைதான் அவருக்கு வினை. ஒரு கன்ட்ரோலரை எடுத்து மேஜையில் வைத்து, நீ அச்சடித்த பதினெட்டையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் முடிக்கும்வரை கேட்டேன். பிறகு ஆரம்பித்தேன்.

"முப்பது அடி தூரம்ன்றீங்க. எங்க வூடே பதினாறு அடி. மிச்ச பதினாலு அடிக்கு இன்னா கழிச்சுக்குவீங்க?"

"சார், அடிக்கணக்குல விக்கறதில்ல சார் இது."

"செரி. இருட்டுல மினுக்குதுன்றீங்க. நாங்க லைட்டு போட்டுகினுதான் ஆடுவோம். அந்த மினுக்க எடுத்துட்டு வெல சொல்லுங்க."

"எடுக்க முடியாது சார், உள்ளேயே இருக்கு."

"அதிருதுன்றீங்களே. எனக்கு வூட்ல வேற அதிர்ச்சி கீது. அதையும் கழிங்க."

மனிதர் தண்ணீர் குடித்தார். நல்ல மனதோடு ஒரு யோசனையும் சொன்னார். கட்டைவிரலால் தள்ளுகிற குமிழ் இருக்கிறதே, அதுதான் முதலில் கெடுமாம். காந்தத்தில் வேலை செய்கிற குமிழ் வைத்த மாடல் வந்திருக்கிறதாம், அது தேயாதாம், கொஞ்சம் விலை கூட, ஆனால் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய வசதி அதுதானாம். காந்தத்தைக் காட்டி என்னை இழுக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, கடையை விட்டு வெளியே போகிற மாதிரி போனேன். கூப்பிட்டார். திரும்பினேன். இப்படி நாலு தடவை.

கடைசியில் ஒரு கன்ட்ரோலருக்கு விலை படிந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு, கையை நீட்டியபடியே நின்றேன்.

"இன்னும் என்ன சார்?"

"கொசுறு."

மீன் வாங்கினால் கைப்பிடி நெத்திலியாவது மேலே விழ வேண்டும். அதுதான் முறை. இவர் ஒரு பேட்டரி தருகிறேன் என்றார். நான் இன்னொரு கன்ட்ரோலர் கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடைக்கு வந்த மூன்று பேர், நான் நிற்கிற நிலையைப் பார்த்து வாசலோடு திரும்பிப் போனார்கள். நாலாவது ஆளும் திரும்பியபோது சுப்புராமன் குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். அதே மாடல். அதே கறுப்பு. படூர் பக்கம் அபார்ட்மெண்டில் இருந்து யாரோ திருப்பிக் கொடுத்ததாம்.

"சார், மறைக்காம சொல்லிடறேன். இதுல குமிழ் இடப்பக்கம் இழுக்குது. கையை எடுத்தாலும் தானா இடது பக்கம் போய்க்கிட்டே இருக்கும். சரி பண்ண முடியாது. குப்பையில போட வெச்சிருந்தேன். எடுத்துக்கிட்டு தயவு பண்ணிக் கிளம்புங்க."

வண்டியில் வருகிறேன். ஒரு கொசுறு ஜெயித்த சந்தோஷம் முதலில். கோவளம் வளைவில் திரும்பும்போதுதான் மூளைக்குள் விளக்கு எரிந்தது. ஒன்று நல்லது. ஒன்று இடப்பக்கம் இழுப்பது. வெளியே பார்த்தால் வித்தியாசம் கிடையாது. நல்லது என் கையில். இழுப்பது யோகேஸ்வரி கையில். அவள் படகு வளைந்து வளைந்து பாறையில் மோதட்டும். துண்டு என் தோளில் தங்கட்டும். நடுரோட்டில் வாய்விட்டுச் சிரித்தேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

அடையாளம் வேண்டுமே. ஜெரோம் வீட்டு வாசலில் ஒரு படகுக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். விரல் நுனியில் தொட்டு வந்து, நல்ல கன்ட்ரோலரின் அடியில் ஒரு புள்ளி வைத்தேன். இரண்டையும் ஒரு பையில் சுற்றி, அவள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, அரிசி டிரம்முக்குள் ஒளித்தேன்.

அடுத்தது இன்னொரு ஓட்டையை அடைக்க வேண்டும். ஆட ஆரம்பிக்கும் முன் அவள் குமிழைத் தள்ளிச் சோதித்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். அதற்கும் என்னிடம் வழி இருந்தது. எங்கள் துறை ஏலத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. கூடை மணலில் இறங்கிவிட்டால் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. அழுத்தக் கூடாது, புரட்டக் கூடாது, செவுளைத் தூக்கக் கூடாது. கண்ணால் பார்த்து வாங்க வேண்டும். எடுத்த பிறகு நல்லதோ சொத்தையோ, அவனவன் பாடு. ஏலத்துக்கு ஆசைப்படுகிறவள் ஏலச் சட்டப்படிதான் ஆட வேண்டும் என்று சொன்னேன். கன்ட்ரோலர் இரண்டும் கூடையில் இருக்கும். எடுக்கிறவர் எடுக்கலாம். ரேஸ் ஆரம்பிக்கும் வரைக்கும் குமிழைத் தொடக் கூடாது.

"செரி" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு எதிர்ப்பு இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் ஒரே வார்த்தையில் சரி சொன்னது கிடையாது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. ஜெரோம் மாதா கோயில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான், சாட்சிக்கு. யோகேஸ்வரி அவனுக்கு டீ கொடுத்தாள். நான் மீன்கூடையைக் கழுவித் துடைத்து நடுக்கூடத்தில் வைத்து, கன்ட்ரோலர்களை எடுத்து வந்து உள்ளே வைத்தேன். இழுப்பது அவள் கைப்பக்கம். நீலப்புள்ளி வைத்தது என் பக்கம். பெருந்தன்மையாக நீயே முதலில் எடு என்றேன். அவள் நல்லதை எடுத்துவிட்டால் சண்டை போட்டு மறுபடி வைக்கச் சொல்வதற்குத் தயாராக ஒரு காரணமும் யோசித்து வைத்திருந்தேன்.

காரணமே தேவைப்படவில்லை. குனிந்தாள். தன் பக்கம் இருந்ததை, அந்த இழுப்பதை, எடுத்தாள். எடுத்து, முந்தானையில் ஒரு தடவை துடைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு சோபாவில் போய் உட்கார்ந்தாள்.

முடிந்தது. துண்டு என்னுடையது. நான் செய்ய வேண்டியதெல்லாம், வாயை மூடிக்கொண்டு என் கன்ட்ரோலரை எடுத்து உட்காருவது மட்டும்தான்.

எடுத்தேன். அடியில் பார்த்தேன். நீலப்புள்ளி இருந்தது. உட்காரப் போனேன். அப்போது மூக்கில் ஒரு வாடை ஏறியது. ஜன்னலோரம் திரும்பிப் பார்த்தேன். நகப்பூச்சைத் துடைக்கிற மருந்து பாட்டில், மூடி திறந்தபடி. பக்கத்தில் பஞ்சு. பஞ்சில் லேசாக நீலம்.

நேற்று இவள் நகத்தில் இருந்தது சிவப்புப் பூச்சு.

என் தலைக்குள் ஏலம் ஆரம்பித்துவிட்டது. இவள் டிரம்மில் பார்த்துவிட்டாள். நல்லதில் இருந்த புள்ளியை அழித்துவிட்டாள். கெட்டதில் புதுசாகப் புள்ளி வைத்துவிட்டாள். ஜெரோம் வீட்டுப் பெயின்ட் இவளுக்கும் எட்டும் தூரம்தானே. அப்படியென்றால் என் கையில் இருப்பது சொத்தை. அவள் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் நல்லது. இல்லாவிட்டால் எதற்கு அணைக்கிறாள்? குமிழை ஒரு தடவை தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். தள்ளக் கூடாது. சட்டம் போட்டவன் நான்.

"ஏம்மே, அத இங்க குடு. மாத்திக்கலாம்."

அணைப்பு இறுகியது. "எதுக்கு?"

"சொம்மாத்தான். ரெண்டும் ஒன்னுதானே."

"ஒன்னுதான்னா உன்னுது உங்கிட்டயே இருக்கட்டுமே."

"எனக்கு அதுதான் வேணும்."

"தரமாட்டேன். கூடையிலேர்ந்து எடுத்தாச்சு. அவுங்க அவுங்க பாடு. நீ போட்ட சட்டம்தான்யா." ஜெரோம் பக்கம் திரும்பினாள். "இன்னா ஜெரோமண்ணே, நான் சொல்றது?"

"சட்டம் சட்டம்தான்" என்று ஜெரோம் டீயை உறிஞ்சினான். அவன் கண் டீயில் இல்லை. என் முகத்தில் இருந்தது.

எனக்கு வேர்த்தது. வேர்த்த கையிலும் வழுக்காது என்று எழுதியிருக்கிறாயே, உண்மைதான், அந்தச் சனியன் என் கையை விட்டு வழுக்கவே இல்லை.

"செரி, வாங்கிக்கிறேன். இன்னா கேக்குற சொல்லு."

"விக்கறதுக்கு இல்ல."

"ஒரு வாரம்னு பேசனமே. ஒரு மாசம் வெச்சிக்க. நீ ஜெயிச்சா ஒரு மாசம் துண்டு உன்னுது."

அவள் கன்ட்ரோலரைப் பார்த்தாள். பிரிய மனமில்லாத மாதிரி அதன் முதுகைத் தடவினாள். "வேணாய்யா. கைக்கு ஒக்காந்துகீது."

கைக்கு உட்கார்ந்திருக்கிறதாம். என் ரத்தம் கொதித்தது. "பொங்கல் வரைக்கும்."

"வேணாம்."

"தடைக்காலம் வரைக்கும். அதுக்கு மேல ஒரு நாளும் கெடையாது."

வருஷத்துக்கு ஒருமுறை, மீன் குஞ்சு பொரிக்கிற மாதங்களில், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று சர்க்கார் தடை போடும். அது சித்திரையில். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஆவணியில். ஜெரோம் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"மச்சான், யோசிச்சுப் பேசு" என்றான். அவன் அப்படிச் சொன்னதுதான் என் சந்தேகத்தை உறுதி செய்தது. இவனும் கூட்டு.

யோகேஸ்வரி அணைப்பைக் கொஞ்சம் தளர்த்தினாள். பிறகு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று யோசிக்க நேரமில்லை.

"மீன் கழுவுறது?"

"கழுவறேன்."

"ஓட்டல் போனு?"

"பேசறேன்."

"கத்தாம பேசணும்."

"கத்தாம பேசறேன்!" என்று கத்தினேன்.

நீட்டினாள். பிடுங்கினேன். நீலப்புள்ளி வைத்ததை அவள் மடியில் போட்டேன். இத்தனை வருஷம் ஏலம் எடுத்த கை, எதிராளி மறைத்து வைத்த சரக்கை மடக்கிவிட்ட கை, பெருமையோடு அதை இறுகப் பிடித்துக்கொண்டது. ரேஸ் ஆரம்பித்தது.

விசில் ஊதியது. என் படகு கிளம்பியது. கிளம்பி, இடப்பக்கம் போனது.

வலது பக்கம் தள்ளினேன். நேராக வந்தது. கொஞ்சம் விட்டேன். இடப்பக்கம் போனது. தள்ளினேன், விட்டேன், தள்ளினேன். கட்டைவிரல் கழன்றுவிடும் போல் இருந்தது. முதல் சுற்றில் பாறை. இரண்டாம் சுற்றில் அதே பாறை. இந்தத் தடவை அதுவே என்னை எதிர்பார்த்துக் காத்திருந்தது போல் இருந்தது. கலங்கரை விளக்கத்தில் மோதினேன். மிதவையில் மோதினேன். ஓரமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு வாத்துக் கூட்டத்துக்குள் புகுந்தேன். மோதுகிற ஒவ்வொரு தடவையும் கை விர்ரென்று அதிர்ந்தது. வேண்டாம் என்று காசு கழிக்கச் சொன்னேனே, அந்த ஒரு வசதி மட்டும் அட்சரம் பிசகாமல் வேலை செய்தது. யோகேஸ்வரி மூன்று சுற்றும் முடித்து, படகை நிறுத்தி, ஜெரோமுக்கு இரண்டாவது டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தாள். நான் இன்னும் வாத்துக்களோடு இருந்தேன்.

"நீ மாத்திட்ட" என்றேன். "புள்ளிய அழிச்சு மாத்தி வெச்சிட்ட."

"நான் எதையும் மாத்தல. நீ வெச்ச எடத்துலதான் புள்ளி கீது."

"அப்ப அந்தப் பஞ்சு? நீலம்?"

"நகத்துக்கு நீலம் போட்டுப் பாத்தேன். புடிக்கல, தொடச்சிட்டேன்." சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "டிரம்முல அரிசி எடுக்கும்போதே ரெண்டையும் போட்டுப் பாத்துட்டேன்யா. எது இழுக்குதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அத எடுத்தேன்."

"தெரிஞ்சே ஏன் எடுத்த?"

"நான் அணைச்சா நீ புடுங்குவ."

நான் ஜெரோமைப் பார்த்தேன். அவன் வெள்ளைச் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினான். பிறகு மெதுவாக உண்மையைச் சொன்னான். காரப்பொடி வந்த அன்று சாயங்காலமே யோகேஸ்வரி அவன் வீட்டுக்குப் போய், அப்படி என்னதான் செய்தீர்கள் அண்ணே என்று கேட்டிருக்கிறாள். ஒன்றும் செய்யவில்லை தங்கச்சி, கூடையைக் கொஞ்சம் கட்டிப்பிடித்தேன், கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான் என்று இவனும் சொல்லியிருக்கிறான். அந்தப் பெருமூச்சு. எங்கே கேட்டேன் என்று இப்போது ஞாபகம் வந்தது.

கொஞ்சம் யோசித்துப் பார். நான் சும்மா உட்கார்ந்திருந்தால் ஜெயித்திருப்பேன். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். கெட்டதை அவள் கையில் கொடுத்தது நான். அதை வாங்க ஏலம் ஏற்றியதும் நான். ஒரு வாரத்தைச் சித்திரை வரைக்கும் இழுத்துக் கொடுத்ததும் நானே. உலகத்தில் எந்த வியாபாரியாவது தான் குப்பையில் போட வேண்டிய கொசுறை, தன் தோள் துண்டை விலையாகக் கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறானா?

அன்று ராத்திரியே துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டாள். மீன் வாடை அடிக்கிறதாம். திங்கட்கிழமை விடியலில் அதைச் சேலைக்கு மேல் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சிவப்பு அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. அதற்காகவும் எனக்குக் கோபம் வந்தது. நான் வாசலில் நின்று, விலை ஏறினால் விட்டுவிடு, கூட்டத்தை விட்டுப் போகிற மாதிரி போ என்று நாலு நல்ல வார்த்தை சொல்லப் பார்த்தேன். உள்ளே ஓட்டல் போன் அடிக்கிறது, போய் எடு என்றாள்.

எடுத்தேன். மாமல்லபுரத்து ஓட்டல் சமையல்காரர். கடம்பா, அதாவது கணவாய், இருக்கிறதா, சின்னதாக வேண்டும், ஆனால் பெரிய வளையமாக வர வேண்டும் என்றார். கத்தக் கூடாது என்ற ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. போனைத் தலையணைக்குள் புதைத்துவிட்டுக் கத்திவிட்டு, மறுபடி எடுத்து, சரிங்க சார் என்றேன்.

ஏழு மணிக்கு யோகேஸ்வரி வந்தாள். வஞ்சிரம், கொடுவா, சின்னக் கடம்பா, எல்லாம் நல்ல சரக்கு. நான் எடுக்கிற விலையை விடக் குறைவு. எப்படி என்று கேட்கப் போனேன். கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்குப் பின்னாலேயே ஜெரோம் வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. தலையில் ஒரு கூடை. எட்டிப் பார்த்தேன்.

காரப்பொடி.

"இன்னாடா, வஞ்சிரம் வெலையா?" என்றேன்.

"பேசாத மச்சான்" என்றான். "தங்கச்சி அத வுடவே மாட்டேன்னு கட்டிப் புடிச்சுகினு நின்னுது."

ஆகவே, பெயர் தெரியாத ஐயா, அல்லது அம்மா, இதையெல்லாம் நீதான் சரிசெய்ய வேண்டும். அந்தக் காந்தக் குமிழை விலை கூட்டித் தனியாக விற்காமல் எல்லாவற்றிலும் வைத்திருந்தால் இழுக்கிற கன்ட்ரோலர் என்று ஒன்றே இருந்திருக்காது, என் புத்தியும் கெட்டிருக்காது. இனிமேல் செய்கிறவற்றிலாவது, பெண்டாட்டி அணைத்து வைத்திருப்பதைப் பிடுங்கப் போகும் புருஷன் கையில் பளாரென்று ஒரு அதிர்ச்சி கொடுக்கும்படி அந்தப் பத்தொன்பதாவது வசதியைச் சேர். இருட்டில் மினுக்குவதை வேண்டுமானால் கழித்துக்கொள். அது மட்டும் போதாது. நீயே நேரில் கோவளத்துக்கு வர வேண்டும். பஸ் நிலையத்தில் இறங்கித் தனக்கோடி வீடு என்று கேட்டால் சொல்வார்கள். இப்போது யோகேஸ்வரி வீடு என்று கேட்டால் சீக்கிரம் சொல்வார்கள். வந்து, என் மனைவி முன்னால் நின்று, சரக்கு பழுது, அதனால் அந்த ரேஸ் செல்லாது, துண்டைத் திருப்பிக் கொடு என்று உன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் உன்னை விடமாட்டேன்.

வரும்போது மட்டும் கொஞ்சம் வெயில் ஏறிய பிறகு வா. காலையில் வந்தால் என்னால் கதவைத் திறக்க முடியாது, கையெல்லாம் மீன் செதிலாக இருக்கும்.